அம்மாவுக்கு ஒரு தனி அறை

மார்ச் 4
அம்மாவின் தொல்லை தாங்கவில்லை. தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிக் குரல் போயிற்றே தவிர அதட்டல் போகவில்லை. அதற்கு முன்பே அவள் குரலைப் பதிவு செய்து, தட்டுவதையெல்லாம் அந்தக் குரலில் பேசும் நிரல் ஒன்றை எங்கள் லேப்டாப்பில் எழுதி வைத்தேன் அல்லவா, அனுபவிக்கிறேன். “சாப்பிட வாடி” என்று ஒரு தடவை தட்டிவிட்டுப் பொத்தானை மூன்று தடவை அழுத்துகிறாள். “காது கேக்குதும்மா, போதும்!” என்று கத்தினேன்.

மார்ச் 9
ஆபீஸ் வேலைக்கு அதே லேப்டாப்பில் ஒரு லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுப்பு, வேண்டியிருந்தது. லைப்ரரிகளை இறக்கி நிறுவித் தரும் பேக்கேஜ் மேனேஜர் மளமளவென்று எதையோ நீக்கி எதையோ போட்டது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

அதே நாள், மாலை
அம்மா தட்டினாள். சத்தமே இல்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.
ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன் நான்?

மார்ச் 10
புரிந்துவிட்டது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது. ஒரு லைப்ரரிக்கு ஓரிடத்தில் ஒரு பதிப்புதான். நான் நேற்றுப் போட்டது ஒலி லைப்ரரியின் புதிய பதிப்பைக் கேட்டிருக்கிறது. பேக்கேஜ் மேனேஜர் பழையதைத் தூக்கிவிட்டது. அம்மாவின் நிரலோ பழையதோடுதான் ஓடும். எந்தப் பதிப்பு வேண்டும் என்று நிரலோடு எழுதி வைக்காதது என் தப்பு. ஆபீஸில் எல்லோருக்கும் இதையே உபதேசம் செய்கிறவள் நான்!
இணையத்திலும் பழையது இல்லை. எழுதியவரே விலக்கிவிட்டாராம்.
அம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: “பரவாயில்லடி. சாப்பிடு.” தாளில் அது அம்மா மாதிரியே இல்லை. அழுதுவிட்டேன்.

மார்ச் 11
ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், நாங்கள் ‘ஆமை’ என்று கூப்பிடுகிறவரிடம், புலம்பினேன். நிதானமாகக் கேட்டார்: “எறக்கினதையெல்லாம் பேக்கேஜ் மேனேஜர் ஒரு காப்பி வெச்சிருக்குமே. எடம் பத்தலைன்னு காலி பண்ணிட்டியா?”
போன மாதமே காலி செய்ய நினைத்து, சோம்பலில் விட்டிருந்தேன். என் சோம்பல் வாழ்க! வீட்டுக்கு ஓடிவந்து தேடினேன். இருந்தது.
அம்மாவின் நிரலுக்கென்று ஒரு தனிச் சூழல் அமைத்து, பழைய பதிப்பை அதற்குள் நிறுவி, அந்தப் பதிப்பின் எண்ணையும் நிரலோடு எழுதி வைத்தேன். “இது உனக்குத் தனி ரூம் மாதிரிம்மா. வெளியில நான் எதைப் போட்டாலும் உள்ள எதுவும் மாறாது.”
யோசித்துவிட்டுத் தட்டினாள். அவள் குரல், அப்படியே: “இத்தனை வருஷத்துல உங்கப்பா எனக்குன்னு ஒரு அலமாரி குடுத்ததில்ல. நீ ரூமே கட்டிட்டியா?”
அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருமினார்.

மார்ச் 20
இன்று ஏழெட்டு லைப்ரரிகளைப் புதுப்பித்தேன், ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு. அம்மாவின் அறைப் பக்கம் எதுவும் போகவில்லை.
மாலை சமையலறையிலிருந்து “சாப்பிட வாடி.” கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. நல்ல பசிதான். மூன்றாவதும் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.