கையெழுத்துக்கு முதல் ஒரு நாள்

இன்று காலை எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. பேனை மூடியைக் கழற்றியதுதான் தாமதம், உன் குரல் காதுக்குள் கேட்டது. "எடியே, மூடியைப் போடு." நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகப் போகிறது. இன்னும் என்னை அதட்டுவதை நிறுத்தவில்லை.

ஒரே வகுப்பில் படித்த நாம் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் இந்தப் பார்சல் கம்பனியைத் தொடங்கினோம். கம்பனி என் பெயரில், ஆட்கள் உன் பொறுப்பில். மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் பறந்தன. நாலு பேராக இருந்த நாம், கொட்டாஞ்சேனையில் பொதி கட்டப் பெரிய இடம் எடுத்ததும் நாற்பது பேரானோம். நாலு பேருக்கு நான் நல்ல முதலாளிதான். நாற்பது பேருக்கு வெறும் சத்தம்.

ஜெயந்தியை நினைவிருக்கிறதா? கேள்வியே பிழை, நீ யாரை மறந்தாய்! கொட்டாஞ்சேனையில் முகவரி ஒட்டும் மேசையில் இருந்தவள். ஒரே வாரத்தில் மூன்று பார்சலை மாற்றிவிட்டாள். லண்டனில் பிள்ளை பெற்றவளுக்குத் தாய் இடித்து அனுப்பிய பத்தியச் சரக்குத்தூள், டொரொண்டோவில் தனியாக இருந்த ஒரு கிழவரிடம் போய்ச் சேர்ந்தது. மனுசன் அதைக் கறிக்குப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நல்ல ருசி, இன்னும் கொஞ்சம் அனுப்புங்கோ என்று செய்தி போட்டிருந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதுவிட்டுப் போயிருந்தார். அன்றே ஜெயந்தியை வேலையால் நிற்பாட்டும் கடிதத்தை எழுதினேன். அவள் சம்பளத்தில்தான் அவளுடைய வீடே ஓடுகிறது என்று தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

நீ அதை ஆறுதலாக, வரி வரியாக வாசித்தாய்.

"நாளைக்கு ஒரு நாள் அவளின்ரை கதிரையில போய் இரு. பிறகு போடு கையெழுத்து."

"எனக்கு வேற வேலை இல்லையே?"

"இருக்கு. அதாலதான் ஒரு நாள் எண்டு சொன்னனான். இல்லாட்டி ஒரு கிழமை இருக்கச் சொல்லியிருப்பன்."

ரோசத்தில் போனேன். ஜெயந்திக்கு நீ அன்று லீவு கொடுத்திருந்தாய். எட்டரைக்கு அன்றைய முதல் பெட்டியைக் கையில் எடுத்தேன், மேசையில் போன் அடித்தது. வெள்ளவத்தையிலிருந்து நீ. "லண்டன் பெட்டியள் கட்டியாச்சோ?" கட்டுகிறோம் என்றேன். ஐந்து நிமிடம் போகவில்லை, மறுபடி நீ. "டொரொண்டோவுக்கு எத்தினை?" பிறகு, "நேற்றையான் லிஸ்ட் எங்க?" பிறகு, திரும்பவும் லண்டன் பெட்டி. பத்தரைக்குள் பதினாலு தரம்! பதினாலாவதில் வெடித்தேன்.

"உனக்கென்ன விசரே? என்னை வேலை செய்ய விடன்!"

நீ சிரிக்கவில்லை. "இவ்வளவும் நேற்றுக் காலமை நீ ஜெயந்தியிட்டைக் கேட்டது. உன்ரை பக்கத்து மேசையில இருந்து ஒண்டும் விடாமல் எழுதி வச்சனான்."

போனை வைத்துவிட்டு, ஒட்டி முடித்த பெட்டிகளைப் பார்த்தேன். இரண்டு மாறியிருந்தன. ஐயோ, அந்த வெட்கத்தை யாரிடம் சொல்ல? அந்த மேசைக்குக் கீழேயே புகுந்துவிடலாம் போலிருந்தது. கடிதத்தை அன்றே கிழித்தேன். ஆனால் ஜெயந்தியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள் எடுத்தது. மூன்று நாளும் நீ "கேட்டனியோ?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாய். அவளோ, "பரவாயில்லை மிஸ், காலமையில நீங்கள் போன் எடுக்காமல் இருந்தால் காணும்" என்று முடித்துவிட்டாள். அன்றிலிருந்து மதியத்துக்கு முன் நான் கொட்டாஞ்சேனைக்கு அழைப்பதில்லை. யாருடைய எச்சரிக்கைக் கடிதமானாலும், கையெழுத்துக்கு முதல் ஒரு நாள் அந்த ஆளின் கதிரையில் இருந்து பார்க்கிறேன்.

உன் கதிரையில் இருந்து பார்க்க மட்டும் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. நீ போன பிறகுதான் இருந்தேன். அன்று ஒன்பது பேர் வந்தார்கள், ஒருவரும் வேலையைப் பற்றிக் கதைக்க வரவில்லை. ஒருத்திக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். பொதி கட்டும் பகுதிக்குப் பொறுப்பான நிஸ்தார், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் அந்தப் பெரிய ஆம்பிளை, "சும்மாதான் மிஸ்" என்று சொல்லி நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இந்தக் கம்பனியை நான் வளர்த்தேன் என்று எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்! நீ அல்லவா அதற்குள் இருந்த மனிசரை விழாமல் பிடித்துக்கொண்டிருந்தாய். அதை உனக்கு நேரே சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், கேள்.

இன்று வந்த கடிதம் அந்த நிஸ்தாருக்குத்தான். பொதி ஏற்றிப் போகும் லொறி மூன்று தரம் பிந்தி வெளிக்கிட்டதாம், புது மனேஜர் எழுதி அனுப்பியிருக்கிறார். நான் பேனையை மூடி வைத்துவிட்டு, உன் கதிரையில் இப்போது இருப்பவளைக் கூப்பிட்டேன். ஜெயந்திதான். நான் வாய் திறக்க முதலே சொன்னாள்: "நாளைக்கு நிஸ்தார் நானாவின்ரை கதிரையில நீங்கள் எண்டு அங்க சொல்லிட்டன், மிஸ்."

நாளை எட்டரைக்கு நான் கொட்டாஞ்சேனையில் இருப்பேன். அந்த மேசையிலும் ஒரு போன் இருக்கிறது. பத்தரைக்குள் பதினாலு தரம் அடியடி. இந்த முறை ஏச மாட்டேன்.