ஆறு நிமிடத்தில் பதினேழு முறை

நவம்பர் 15, சனி

காலையிலிருந்து மழை. புஸ்ஸி வீதியில் கணுக்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது. பள்ளியில் நாள் முழுக்க வெறுங்கால்.

மதியம் மைக்ரோ டீச்சிங், முதல் நாள். எச்.எம். மேடம் ஏற்பாடு. பிள்ளைகள் போனபின் டீச்சர்கள் 10 பி பெஞ்சுகளில் பிள்ளைகளாக உட்கார வேண்டும். ஒருவர் ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். மணி அடித்ததும் மற்றவர்கள் தாளில் குறை நிறை எழுத வேண்டும். திருத்திக்கொண்டு அடுத்த சனிக்கிழமை அதே பாடம் மறுபடி. பி.எட். படித்தபோது செய்தது. இருபது வருடம் கழித்து மறுபடியும்.

என் பாடம் சமன்பாடு. ஓர் எண் சமக்குறியைத் தாண்டினால் குறி மாறும். பத்தாவதுக்கு இது பழசுதான், ஆறு நிமிடத்தில் அடங்கும் என்று எடுத்தேன். டீச்சர்கள் தங்கமான பிள்ளைகள். கேள்வி முடியுமுன் பதில். "எஸ் மிஸ்" கோரஸ். பதினோரு தாளிலும் எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று".

கம்ப்யூட்டர் டீச்சர் நிஷாவிடம் கேட்டேன். "நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

"அக்கா, அடுத்தது என் முறை. நான் உங்களுக்குக் கொறச்சா நீங்க எனக்குக் கொறப்பீங்க. எதுக்கு வம்பு?"

கிளம்பும்போது மேடம் ஒரு படிவம் தந்தார். 10 பி-யில் கணக்கில் தேறாத நாலு பேர். அரையாண்டிலும் தேறாவிட்டால் டி.சி. கொடுத்து, தனியாகப் பரீட்சை எழுதச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கு நூற்றுக்கு நூறு ரிசல்ட் வேண்டும். பெயருக்கு நேரே "காரணம்" என்று ஒரு கட்டம், நான் நிரப்ப வேண்டியது. 24, திங்களுக்குள். மூன்றாவது பெயர் ஷமீமா. காலாண்டில் ஒன்பது மார்க்.

நாலு பேருக்கும் பென்சிலில் "கவனக்குறைவு" என்று எழுதி வைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மழை விட்டது. துணி காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை.

நிஷா போனில் எடுத்த என் பாட வீடியோவை அனுப்பியிருந்தாள். முதல் தடவை என் குரலைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை புடவை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தடவைதான் பாடம்.

– "புரியுதா?" பதினேழு முறை.
– கேட்டபின் காத்திருந்தது: மூச்சு விடும் நேரம்கூட இல்லை.
– மற்ற கேள்விகள் எட்டு. ஐந்துக்கு நானே பதில்.
– பாதி நேரம் பேசியது போர்டோடு.

பதினோரு பேரில் ஒருவர்கூட இதை எழுதவில்லை.

மாலையில் இவரிடம், நாளைக்கு கேஸ் சிலிண்டர்காரர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கிவிட்டு, "புரியுதா?" என்றேன். போனிலிருந்து தலை எடுக்காமல் "புரியுது". என்ன சொன்னேன், சொல்லுங்கள் என்றேன்.

"நீதானே சொன்ன. என்னப் போய் கேக்குற?"

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். அந்தச் சொல்லை இன்று சொல்வதில்லை என்று போனேன். தொண்டை வரை வந்து, "சரியா?" ஆகி வெளியே விழுந்தது. எப்போதும்போல ஷமீமா முதலில்: "புரியுது மிஸ்."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்த மார்ஜின். எல்லாரும் நீலம், இவள் மட்டும் தலைப்புக்குப் பச்சை மை. ஒரு கணக்கும் தப்பில்லை. எல்லாம் போர்டில் நான் போட்டவை. நான் அவசரத்தில் விட்ட புள்ளியைக்கூட அப்படியே விட்டிருக்கிறாள். இதற்கா கவனக்குறைவு?

எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

விளையாட்டு சொல்லித்தரும் பி.டி. சார் குமரேசனுக்கு மைக்ரோ டீச்சிங்கிலிருந்து விலக்கு. தவளக்குப்பம் பக்கம் ஊர். காலையில் வயல், அப்புறம் பள்ளி. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டதைப் பெருமையாகவே சொல்வார். மைதானம் சேறு, சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"சார், கணக்கு வராத புள்ள ஒண்ணு வேணும் எனக்கு."

"அதுக்கு என்னைய வுட்டா ஆளு கெடையாது டீச்சர்."

ஒரே நிபந்தனை: புரியாத இடத்தில் கை தூக்க வேண்டும். காலி வகுப்பு. போர்டில் x + 7 = 12. ஏழு அந்தப் பக்கம் போனால் மைனஸ் ஏழு என்றேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, கை தூக்கிவிட்டார்.

"ஏன் மைனஸ் ஆவுது?"

"அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும் சார்."

"அதான் ஏன்னு கேக்குறேன். கோரிமேட்டு எல்லையத் தாண்டினா பிராந்தி பாட்டில் வெல ஏறுதே, அந்த மாரியா?"

"விதி சார் அது."

"இன்னா விதி? என் தலவிதியா?"

மறுபடி சொன்னேன். அதே வார்த்தைகள், குரல் மட்டும் பெரிது. மறுபடி கை. மூன்றாம் தடவை சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு வெளையாட்டா இருக்கு சார்."

அவர் சிரிக்கவில்லை. "இல்ல டீச்சர். அன்னிக்கும் இந்த எடத்துலதான் வுட்டேன். கேட்டா அடி வுழும். புரியுதுன்னு தலையாட்டிட்டு உக்காந்துட்டேன்."

போர்டை அழித்துவிட்டுக் கிளம்பினேன். கோபம் வீடு வரை கூடவே வந்தது.

நவம்பர் 20, வியாழன்

சாம்பாரில் உப்பு மறந்தேன். ஏன் மைனஸ்? எனக்குத் தெரியும். சொல்லத்தான் வரவில்லை. சொல்ல வராதது தெரிந்ததில் சேருமா?

நவம்பர் 22, சனி

கேட்டிலேயே குமரேசன் சார் காத்திருந்தார்.

"டீச்சர், மூணு நாளா அதே நெனப்பு. கபடின்னு வெச்சுக்குங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆளு சமம். இங்கேர்ந்து ஏழு பேர வெளிய அனுப்புனா, அங்கேர்ந்தும் ஏழு பேர அனுப்பணும். அப்பதான் மறுபடியும் சமம். ஏழு எங்கயும் தாண்டிப் போவல. ரெண்டு பக்கமும் வெளிய போயிட்டாங்க. அவ்ளோதானே?"

அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் நான் சொல்ல வராமல் சுற்றிய இடம். நன்றி சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொன்னதாக நினைவில்லை.

மதியம் அதை வைத்தே நடத்தினேன். "புரியுதா" கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும் என்று திட்டம். நாலு எண்ணுவதற்குள் வியர்த்தது. டீச்சர்கள் நெளிந்தார்கள், ஒருவர் இருமினார். நாலிலேயே நானே பதிலைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு ஆறு வரை தாங்கினேன். மணி அடித்துவிட்டது.

எச்.எம். தாளில்: "வேகம் குறைவு. வகுப்பு மந்தம்." வாயாலும் சொன்னார். "போன வாரம் நல்லா பண்ணீங்களே டீச்சர். இப்படிப் போனா போர்ஷன் முடியுமா?"

கிழித்துப் போடலாம் போல இருந்தது. நாலாக மடித்துப் பையில் வைத்தேன், படிவத்தோடு.

நவம்பர் 24, திங்கள்

வெயில். புழுக்கம். 10 பி, இரண்டாம் பிரிவேளை.

போர்டில் அதே x + 7 = 12. "ஏழு அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ்?" எண்ணினேன். ஐந்தில் வாய் திறந்தது, பல்லைக் கடித்து மூடினேன். பத்து. ஒரு கைகூட எழவில்லை. மின்விசிறிச் சத்தம்.

துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். முப்பத்தெட்டு சீட்டு. "அந்தப் பக்கம் போனதால்" இருபத்தொன்பது. வெற்றுச்சீட்டு எட்டு. ஒன்றில் மட்டும், பச்சை மையில்: "தெரியாது மிஸ். சாரி மிஸ்."

சாப்பாட்டு நேரத்தில் ஷமீமாவைக் கூப்பிட்டேன். டிபன் மூடியைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"தெனமும் புரியுதுங்கறியே?"

காத்திருந்தேன். எட்டு எண்ணியதும் சொன்னாள். "நீங்க கேட்டா எல்லாரும் அதான் சொல்லுவோம் மிஸ்."

"எதுலேர்ந்து புரியல?"

"ஏழாவதுலேர்ந்து மிஸ்."

ஏழாவதில் இவர்களுக்குக் கணக்கு எடுத்தது நான்தான்.

ஸ்டாஃப் ரூமில் படிவத்தை எடுத்து நாலு "கவனக்குறைவு"களையும் அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது. நாலு கட்டத்தையும் சேர்த்துப் பேனாவால் எழுதினேன்: "ஏழாம் வகுப்பில் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை. சொல்லித்தந்தது நான். டி.சி. வேண்டாம். ஏழாவதிலிருந்து மாலையில் எடுக்கிறேன்."

மேடம் படித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பப் படித்தார்.

"என்ன டீச்சர் இது?"

விளக்கம் நுனிநாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. எண்ணத் தொடங்கினேன். மணி அடித்தது, வராந்தாவில் பிள்ளைகள் ஓடினார்கள். ஏழு. எட்டு.

ஒன்பதில், "உக்காருங்க டீச்சர்" என்றார்.