தட்டினால் நிறுத்துவேன்

21-1-46, திங்கள்

ஆவடிப் பட்டாளத்து ஏலத்தில் எடுத்த சின்ன லாரியை முதலாளி மணவாளன் இன்று என்னிடம் ஒப்படைத்தார். கரையான்சாவடிப் பட்டறை வாசலில் காக்கை எச்சம் வாங்கிக்கொண்டு நின்ற வண்டி. "வரதா, வேலை நேரம் போக நீயே வெச்சிக்கோ. உன் பொஞ்சாதியை இதுலயே பட்டணம் இட்டுகினு போ" என்றார். ஓசியில் ஒரு திருகாணி கொடுக்காத மனுஷன்! நான் வண்டியைச் சரி பண்ணியதும் கல்யாண வாடகைக்கு விடப் பார்க்கிறார், வேறென்ன? இருக்கட்டும். எனக்கு வண்டி வேண்டும்.

என் மனைவி பூங்காவனத்துக்கு முதுகெலும்பில் எலும்புருக்கி. பூந்தமல்லி டாக்டர் சொன்னது இது: "பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டு மாசக்கணக்கா படுக்கணும். தாமதிச்சா ரெண்டு காலும் போயிடும். மாட்டு வண்டியில குலுக்கிக் கொண்டு போனாலும் போயிடும்." எங்கள் ஊரிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஏரிக்கரைப் பாதை ஒன்றுதான். குண்டு, குழி, நடுவில் கல் துருத்திய ஒரு வாய்க்கால். எருமைகூட யோசித்துத்தான் கால் வைக்கும்.

23-1-46

வண்டியைத் தாங்கும் பின்பக்க வில்லில் பட்டை மேல் பட்டையாக இரும்பு. குண்டுப் பெட்டி ஏற்றச் செய்த வண்டி, ஒரு பெண்பிள்ளையின் எடைக்கு வளையுமா? வளையாத வில் குழியின் அடியைத் தான் வாங்காது. அப்படியே மேலே இருப்பவர் முதுகுக்கு அனுப்பிவிடும்.

ஓட்டுகிறவனுக்குப் பின்னால் எப்படி இருக்கிறது என்று தெரியாது. ஸ்டீரிங்கை இன்னொருத்தன் கையில் கொடுக்க எனக்கு மனசு வராது. அதனால் பின்னால் பலகை போட்டு வேம்புலியைப் படுக்க வைத்தேன். பூங்காவனத்தின் தம்பி, பட்டறையில் எனக்குக் கீழே வேலை செய்கிறான். "மச்சான், தூக்கிப் போட்டா தகரத்துல தட்டு. தட்டினா நிறுத்துவேன்" என்றேன்.

ஏரிக்கரை முழுக்கத் தட்டினான்.

27-1-46, ஞாயிறு

வில்லைக் கழற்றிப் பிரித்தேன். பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருந்தது. சுரண்டி, துடைத்து, கிரீஸ் தடவி, சில பட்டைகளை எடுத்துவிட்டு மாட்டினேன். ரொம்ப எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. வாய்க்காலில் அச்சு மேலே வந்து சட்டத்தில் டமார் என்று இடித்தது. ஒரு பட்டையைத் திரும்பப் போட்டேன். டயரில் காற்றைக் குறைத்தேன். இடிக்கவில்லை.

வேம்புலி தட்டினான்.

30-1-46

தட்டினான்.

3-2-46, ஞாயிறு

இன்றைக்குத்தான் புரிந்தது. சக்கரம் குழியில் இறங்குவது சுகமாக இறங்குகிறது. வில் திரும்பி எழும்போதுதான் உதைக்கிறது. அந்த உதையைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஷாக் அப்சார்பரில் எண்ணெய் தண்ணீராகக் கிடந்தது. வடித்துவிட்டுக் கெட்டி எண்ணெய் ஊற்றினேன். பலகைக்கு அடியில் இரண்டு மணல் மூட்டையும் வைத்தேன்.

முன்னால் உட்கார்ந்த எனக்கே இடுப்பு வலி போய்விட்டது. பின்னால் இவன் மேளக்காரன் மாதிரி தட்டுகிறான்! இறங்கிப் போய்ப் பார்த்தேன். மணல் மூட்டை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. மூட்டை நகராத வண்டியில் மனுஷனை மட்டும் தூக்கிப் போடுமா?

6-2-46

பக்கத்து வீட்டு கெங்கம்மாள்தான் பகலில் பூங்காவனத்துக்குத் துணை. வாசலில் என்னை மறித்து, "அக்காளும் தம்பியும் குசுகுசுன்னு பேசிக்கிறாங்க வரதா. நான் உள்ள போனா வாயை மூடிக்கிறாங்க" என்றாள். நான் உள்ளே போனபோதும் மூடிக்கொண்டார்கள்.

என்ன பேச்சு? என் வேலை மேல் கண்ணா அவனுக்கு? வண்டி சரியாகவில்லை என்றால் முதலாளி முன் என் பெயர்தான் கெடும். நன்றாகத்தான் எனக்குப் பட்டை நாமம் போடப் பார்க்கிறான். எனக்கா? வீட்டுக்கு வரும் பாலில்கூட விரல் விட்டுப் பார்க்கிறவன் நான்.

வில்லின் திருகு மறைகளை அவன் தளர்த்தினால் தெரியட்டும் என்று சுண்ணாம்பால் குறி போட்டு வைத்தேன்.

8-2-46

குறி நகரவில்லை. அதனால் அவன் யோக்கியன் என்று ஆகிவிடுமா?

பூங்காவனத்தின் இடது கால் கட்டைவிரலைக் கிள்ளினேன். "எப்போ கிள்ளப் போறே?" என்று கேட்டாள்.

11-2-46, திங்கள்

பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவர் தேவராஜிடம் வண்டியைக் கொடுத்தேன். வேம்புலியிடம் சொல்லவில்லை. நானே பலகையில் படுத்தேன்.

ஏரிக்கரை வந்தது, குழி வந்தது. சக்கரம் விழுவது காதில் கேட்கிறது, முதுகுக்கு வரவில்லை. வாய்க்கால் கல் ஏறும்போது பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். உடம்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கியது, அவ்வளவுதான். வானத்தைப் பார்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. என் கை வேலையில் குறை இல்லை. அப்படியானால் இத்தனை நாளாக அந்தப் பயல் எதற்குத் தட்டினான்?

12-2-46

பட்டறைக்குப் பின்னால் வைத்துச் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்டா தட்டினே?"

"அக்காதான் தட்டச் சொல்லிச்சு மாமா."

அவனே சொன்னான்: "எங்க அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாங்க. துணி மூட்டைதான் திரும்பி வந்துச்சு. அக்காவுக்கு அந்த பயம்."

"அவ்ளோதானா?"

தலையைக் குனிந்தான். "புள்ள குட்டி இல்லியே மாமா. அதை அங்க போட்டுட்டு நீ வேற ஒருத்தியை ஊட்டுக்கு இட்டாந்துடுவியாம்."

"அடப்பாவிங்களா! இத்தினி நாளா வண்டிக்கு அடியில எண்ணெயில குளிச்சுகினு கெடந்தேனே, அது யாருக்காகவாம்?"

"அதைத்தான் அதுவும் கேக்குது மாமா. அனுப்பறதுக்கு இன்னா இவ்ளோ அவசரம்னு."

சட்டையை விட்டுவிட்டேன்.

சந்தேகப்படுவது என் பங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒவ்வொரு பட்டையாகக் கழற்றக் கழற்ற அவளும் படுத்தபடியே ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாள் — இதோ அனுப்பப் போகிறான், இதோ அனுப்பப் போகிறான் என்று. பதினோரு வருஷம் குடித்தனம் பண்ணி இதுதானா என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது?

15-2-46

பூங்காவனத்திடமே கேட்டேன். "நான் வேற கட்டிப்பேன்னு சொன்னியாமே?"

"கட்டிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"எந்த ஆம்பள கட்டிப்பேன்னு முன்னாடியே சொல்லியிருக்கான்?"

சத்தியம் பண்ணினால் அதையும் நம்பமாட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். "சரி, ஆஸ்பத்திரி வேணாம். வண்டி இப்போ குலுக்கறதில்ல. வர்ற வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மனைப் பார்த்துட்டு வந்துடலாம். மத்ததை அப்பறம் பேசிக்கலாம்."

முகம் அப்படியே மாறிவிட்டது. "நெசமாவா? வலிச்சா தட்டுவேன். தட்டினா நிறுத்துவியா?"

"நிறுத்துவேன்."

சொன்னபோது மாங்காட்டை நினைத்துத்தான் சொன்னேனா? இதை எழுதும்போது எனக்கே தெரியவில்லை.

22-2-46, வெள்ளி

மஞ்சள் புடவை கட்டச் சொல்லிக் கெங்கம்மாளைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறாள். தலையில் கதம்பம். பலகையோடு தூக்கி ஏற்றினோம். வேம்புலி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஏரிக்கரையில் தட்டவில்லை. வாய்க்காலிலும் தட்டவில்லை. "ஐயோ, தாண்டிட்டோமாடா? தெரியவேயில்லயே!" என்று தம்பியிடம் சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! அந்தச் சிரிப்போடு திரும்பியிருக்கலாம்.

குமணன்சாவடியில் வலது பக்கம் திரும்பினால் மாங்காடு. முந்தா நாள் பூந்தமல்லி டாக்டரை வழியில் பார்த்தேன். "இன்னுமா கொண்டு போகலே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. நான் திரும்பவில்லை, நேரே விட்டேன்.

படுத்திருக்கிறவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். வண்டி திரும்பவில்லை என்பது உடம்புக்குத் தெரியாதா? தட்ட ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, அப்புறம் ஓங்கி. "இந்தாய்யா! நிறுத்துய்யா! தட்டறேனே, கேக்கலியா?" நல்ல தார் ரோடு, ஒரு குழி கிடையாது. நான் நிறுத்தவில்லை. பட்டணம் வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. "நீயும் கூட்டா?" என்று தம்பியைக் கேட்டாள். "இல்லக்கா, அம்மன் மேல ஆணை" என்று அழுதான். அவனிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

23-2-46

மாவுக்கட்டு போட்டார்கள். அவள் என்னோடு பேசவில்லை.

10-3-46, ஞாயிறு

முதலாளி வண்டியைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டார். பெண் வீட்டார் மெச்சினார்களாம். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

11-4-46, வியாழன்

இடது கால் விரல்கள் அசைகின்றன. ஆஸ்பத்திரி டாக்டர் என் தோளைத் தட்டி, "சரியான சமயத்துல கொண்டாந்தே. இன்னும் கொஞ்சம் உட்டிருந்தா காலு போயிருக்கும்" என்றார். அவளுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அவள் பக்கத்துக் கட்டில் ராஜம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நானே காய்ச்சிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம் வாய் திறந்தாள்.

"இன்னா கலந்துகீறே இதுல?"

"உப்புதான். வேற இன்னா?"

கிண்ணத்தை வேம்புலியிடம் நீட்டினாள். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். ஒரு வாய் குடித்தான். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் வாங்கிக் குடித்தாள்.