வாசல் திறந்திருந்த பௌர்ணமி

செல்விக்கு, அம்மா எழுதுவது.

வேலை நேரத்தில் இவ்வளவு நீளமாக எழுதி அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் என்றால் நீ "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னு கேட்பாய், நானும் ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். புனேயில் குளிர் ஆரம்பித்திருக்கும், உன் சளி விட்டதா? அப்பாவுக்கு வேங்கிக்காலில் புது வீடுகளுக்கு வயரிங் வேலை, சாப்பாட்டு நேரம்தான் தவறுகிறது.

எங்கள் முதியோர் இல்லத்தில் போன பௌர்ணமி அன்று ஒன்று நடந்தது, அது நல்லதா கெட்டதா என்றே எனக்குப் பிடிபடவில்லை. ராத்திரியில் நாற்பது பேருக்கு நர்ஸ் நான் ஒருத்தி, உதவிக்கு சரசு அக்கா. பௌர்ணமி வந்தால் முதலாளி திருமலை சார் வாசல் கேட்டைத் திறந்துவைத்து, கிரிவலம் போகிறவர்களுக்கு அன்னதானம் போடுவார், பரிமாற சரசு அக்காவையும் கூப்பிட்டுக்கொள்வார். உள்ளே நான் மட்டும். அன்று மூச்சுத் திணறிய ஒரு அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டு வந்து பார்த்தால் இருசப்பன் ஐயா கட்டிலில் இல்லை. மறதி நோய்க்காரர், சில நாள் தன் பெயரே தெரியாது. வெறுங்காலில் வேட்டியோடு போகிற ஒரு பெரியவரை அந்தக் கூட்டத்தில் யார் நிறுத்திக் கேட்பார்கள்? மற்றவர்களை விட்டுவிட்டு நான் தேடிப் போகவும் முடியாது. வாசலில் இருந்தவர்களிடம் ஓடிப் போய்ச் சொன்னேன், அவர்கள் தேடி விடிந்த பிறகுதான் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் கண்டுபிடித்தார்கள், நெற்றி நிறைய விபூதி, கையில் யாரோ கொடுத்த சுண்டல்.

அவர் மகன் முருகவேல் வந்து கத்தப் போகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ சாருக்கு மாலை போட்டு, "எங்கப்பாவ அண்ணாமலையாரே கூட்டிக்கினு போயிட்டு வந்துட்டாருங்க"ன்னு அழுதார். சரசு அக்கா, "நாம வருஷம் முழுக்க சாமி வாசல்லயே நிக்கிறோம், பாரு, அவருக்குத்தான் குடுத்து வெச்சிருக்கு"ன்னு சிரித்தார். நான் மெதுவாக இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று ஆரம்பித்தேன். சார், "சாமியே பாத்துக்கிச்சு, இன்னும் ஆள் எதுக்கும்மா, இருக்கறதே ஜாஸ்தி"ன்னு சொல்லிவிட்டார்.

இருசப்பன் ஐயா சர்க்கரைக்காரர். அன்று நடந்ததில் பாதத்தில் வந்த கொப்புளம் உடைந்து இன்னும் ஆறவில்லை, தினமும் கட்டுப் போடுவது நான். கட்டுப் போடும்போது அவர், "அடுத்த வாட்டி எப்பம்மா போறோம்?"னு சந்தோஷமாகக் கேட்கிறார். எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் மனசு ஒப்பவில்லை? சாமி காரியத்தில் குறை பார்க்கிறேனா, இல்லை, அந்தப் புண்ணைப் பார்க்காதவர்கள் மேல்தான் தப்பா? யோசித்து யோசித்துக் குழம்பிப் போகிறேன். வரப்போவது கார்த்திகை தீபம், கூட்டம் பல மடங்கு. இன்னொருவர் எழுந்து நடந்துவிட்டால், அவரும் திரும்பி வருவார் என்று என்ன நிச்சயம்?

நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி ஷிப்ட் கேட்டார்கள் என்றாயே, ஒத்துக்கொள்வதற்கு முன், உன்னோடு யார் இருப்பார்கள் என்று கேட்டுக்கொள்.

எனக்கும் நீ ஒரு உதவி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார் அறைக்குப் போய், தீபத்தன்று இன்னொரு நர்ஸ் போட்டால்தான் வருவேன் என்று சொல்லப் போகிறேன். நம் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான்தான், ஆனாலும் அவர் முன்னால் வார்த்தை வராது. அப்போது உனக்கு போன் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன். நீ எதுவும் பேச வேண்டாம், நான் வெளியே வரும்வரை லைனில் மட்டும் இருப்பாயா?

உன் அம்மா,
வினோதினி