ஒடியாத அப்பளம்

18 நவம்பர் 1996, திங்கள்

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்று வெள்ளகோவிலில், என் வீட்டுக்காரரின் அக்கா வள்ளியாத்தாள் மகன் கல்யாணப் பந்தியில், என்னால் ஓர் அப்பளத்தை ஒடிக்க முடியவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த விரல்கள்! அமுக்கினேன். வளைந்ததே ஒழிய ஒடியவில்லை. எதிர்வரிசைச் சம்பந்தியம்மா பார்ப்பதற்குள் இலைக்கடியில் தள்ளிவிட்டுப் பாயசத்தில் மூழ்கினேன்.

"ஏம்மணி, அப்பளத்தைக் காணோம்?" என்றார் இவர்.

தின்றுவிட்டேன் என்றேன்.

மூட்டுவாதத்துக்கு ஏழு மாதமாக ஞாயிறுதோறும் மாத்திரை. அதற்குப் பலன் இதுதானா?

20 நவம்பர்

யோசிக்க யோசிக்க எரிச்சல்தான். உள்ளங்கால் அடுப்பில் வைத்த மாதிரி காந்துகிறது. தோளிலிருந்து கைமுழுக்கக் கரண்ட் ஓடுகிறது. மாத்திரைக்கு முன்னும் இப்படித்தான், இப்போதும் இப்படித்தான். ஞாயிறு போட்டால் திங்கள் குமட்டல் வேறு. போன மாதம் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு தரம் வெளியே ஓடினேன். நாற்பத்தாறு வயது டீச்சர் முழுகாமல் இருக்கிறாள் என்று காலை பேட்ச் முடிவே கட்டிவிட்டது.

நங்கையா வள்ளியாத்தாள் போனில்: "அது புத்துநோய்க்குக் குடுக்கற மாத்திரையாமா கண்ணு. உனக்கெதுக்கு அந்தக் கெரகம்?"

விரல் வீக்கம்? அது வற்றி நாளாயிற்று. வற்றினதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

1 டிசம்பர், ஞாயிறு

மாத்திரை போடவில்லை. இவரிடம் போட்டதாகச் சொன்னேன்.

9 டிசம்பர், திங்கள்

குமட்டல் இல்லை. காலை பேட்சுக்கு ஏமாற்றம்.

13 ஜனவரி 1997

விரல் கணுக்கள் உருண்டு, சிவந்து, சுடுகின்றன. காலையில் வெகுநேரம் கை மடங்க மாட்டேன் என்கிறது. இன்று ஒரு பக்கம் அடித்துக் காட்டினேன்.

"டீச்சர், நீங்க அடிச்சதுல இங்கிலீஷ் 'ஏ' எழுத்து ஒண்ணுகூட உழுகலீங்க" என்றாள் லோகப்பிரியா.

"நீ கண்டுபிடிக்கறயான்னு பாத்தேன்" என்றேன். பிள்ளை நம்பிவிட்டது. 'ஏ'வை அடிக்க வேண்டிய இடது சுண்டுவிரல் நம்பவில்லை.

அடுத்த மாதம் இவர்களுக்குப் பரீட்சை. கை போனால் இன்ஸ்டிடியூட்டுக்குப் பூட்டுத்தான். எனக்கு வேற என்ன தெரியும்? பயமா இருக்குது.

20 ஜனவரி

கோயமுத்தூர் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"எந்த வலி கொறையலைன்னு நிறுத்துனீங்க?" என்றார் டாக்டர்.

"வலின்னா எல்லாம் வலிதானுங்களே."

அவர் கணுவை அமுக்கினார், உயிர் போயிற்று. "இது வீக்கத்து வலி. ஞாயித்துக்கெழமை மாத்திரை இதுக்குத்தான். கேட்டுட்டுத்தான் இருந்துது. உள்ளங்காலு எரியறதும் கரண்ட் அடிக்கறதும் வேற வலிங்கம்மா. அங்க வீக்கமே இல்லீங்க. அதுக்கு வேற மருந்து, நடை, தூக்கம். அந்த வலியை வெச்சு இந்த மாத்திரைக்கு மார்க் போட்டுட்டீங்க."

குமட்டினால் அளவை மாற்றலாம், சொல்லாமல் நிறுத்தாதீங்க என்றார்.

பஸ்ஸில் முழுக்க இதே நினைப்பு. ஒரு பிள்ளை எழுதிய பேப்பரைத் திருத்திவிட்டு, பக்கத்துப் பிள்ளையை ஃபெயிலாக்குவேனா நான்? கூச்சல் போட்ட வலியை நம்பினேன். சத்தமில்லாமல் போன வலியைப் போனதாகவே எண்ணவில்லை.

வீடு வரும்வரை இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "எங்கிட்டயுமா பொய் சொல்லுவ?"

15 ஜூன், ஞாயிறு

வீக்கம் வற்றிவிட்டது. எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. லோகப்பிரியா பாஸ். என் இடது சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. 'ஏ' எழுத்தை இப்போது பக்கத்து விரலால் அடிக்கிறேன், பிள்ளைகள் பார்க்காதபோது.

மத்தியானம் நங்கையா வந்திருந்தார். மட்டன் குழம்பு. அப்பளம் வைத்தேன். படக்கென்று ஒடித்தவர் பெருமூச்சு விட்டார்.

"எங்கூட்டுக் கல்யாணத்துல மானம் போச்சு கண்ணு. சமையக்காரன் ராத்திரியே பொரிச்சு, மழைச்சாரல்ல மூடாம வெச்சுபோட்டான். ஒருத்தருக்காச்சும் ஒடிஞ்சுதா? அத்தனை பேரும் செருப்புத் தோலாட்டம் இழுத்துப் பாத்துட்டு ஒதுக்கி வெச்சுட்டாங்க."

"எல்லாரும் இல்லீங்கக்கா," என்றார் இவர், என்னைப் பார்க்காமல். "இவ ஒருத்தி முழுசாத் தின்னுபோட்டா."