உப்பு எங்கிருந்து வந்தது

டீச்சர்,

இன்று மதியம் ஃப்ரிட்ஜைத் துடைக்கப் போனேன். மகள் உறைய வைத்திருந்த டப்பாவின் மூடியைத் திறந்ததும் ஏலக்காய்ப் பால் வாசம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாங்கள் இருந்த அருள்புரத்துக் காம்பவுண்டில் குடிவந்த முதல் மாதமே நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிச் சமைக்க ஆரம்பித்தீர்கள். பால் கொதித்தால் ஆவி, நெய் குளிர்ந்தால் கட்டி என்று அதுதான் பாடம். பள்ளிக்கூடத்து டீச்சர், லீவு நாளில் சும்மா எதற்கு இந்தப் பாடு படுகிறார் என்று கம்பெனியில் பனியன் தைத்துக்கொண்டே யோசிப்பேன். சும்மா கிடைப்பதை நான் நம்பியதில்லை.

குல்ஃபி செய்த அன்று வாளி நிறைய ஐஸ், அதன்மேல் உப்பு, நடுவில் பால் ஊற்றி மூடிய தூக்குப்போசி. பிள்ளைகள் மாறி மாறிப் போசியைத் திருப்பினார்கள். என் கண் உப்பு மூட்டையைவிட்டு அகலவில்லை. மளிகைக் கடையில் அப்படிச் சாக்கு கிடையாது. துணியில் சாயம் பிடிப்பதற்காகச் சாயப்பட்டறை வாசலில் லாரியிலிருந்து இறக்குகிற சாக்கு அது.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் வாந்தி எடுத்தான். போதாதா? காம்பவுண்டே உங்கள் வாசலில் நின்றது. என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

மழுப்புவீர்கள் என்று நினைத்தேன்.

"சாயப்பட்டறை உப்புதானுங்க. அங்க வேலை செய்யற எங்கண்ணன் குடுத்தாரு. பாலுக்குள்ள ஒரு கல்லுகூடப் போகலைங்க. ஆனா உங்ககிட்டச் சொல்லாம வெச்சது என்ர தப்புங்க."

அடுத்த வாரம் பால், உப்பு, ஐஸ் எல்லாம் என்னையே வாங்கிவரச் சொன்னீர்கள். வாங்கினேன். போசியைக் கழுவியதும் மூடியதும் நான்தான். வாளியில் ஐஸ் உருகி ஓடியது. ஐஸே தண்ணியாகிறபோது பால் மட்டும் எப்படி உறையும் என்று கேட்டேன். உப்பு பட்டால் ஐஸ் உருகும், உருகுவதற்கு வேண்டிய சூட்டைப் பாலிடமிருந்து இழுத்துக்கொள்ளும் என்றீர்கள். அதையும் நம்பவில்லை. மூடியைத் திறந்து விரலை வைத்தேன். கெட்டியாக இருந்தது. நக்கிப் பார்த்தேன். உப்புக் கரிக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "அம்மா பாத்தாங்கல்ல, அப்படித்தான் பாக்கோணும்" என்று அவர்களிடம் சொன்னீர்கள்.

எதிர்வீட்டுக்காரர்கள் மட்டும் பையனைப் பிறகு அனுப்பவேயில்லை. அவன் எதனால் வாந்தி எடுத்தான் என்பதும் கடைசிவரை தெரியவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னை மட்டும் கிட்டே வரச் சொன்னீர்கள்.

"ஆரும் எனக்கு நெசத்தச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க போய் டாக்டரக் கேளுங்க. உங்களை ஏமாத்த முடியாதுங்க."

போனேன். டாக்டர் சுற்றி வளைத்தார். விடாமல் திரும்பக் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் வெகுநேரம் என் கையை விடவில்லை. பிறகு, அண்ணனை வரச்சொல்லுங்கள், பேச வேண்டியது இருக்கிறது என்றீர்கள்.

நீங்கள் போன பிறகும் என்னைச் சந்தேகக்காரி என்றுதான் சொல்கிறார்கள், டீச்சர். பிறந்த வீட்டில் சொன்னார்கள், கட்டிய வீட்டில் சொன்னார்கள், கம்பெனியிலும் சொல்கிறார்கள். அந்தக் குணத்தை நம்பி ஒரு காரியத்தை என் கையில் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான்.