எனக்கென்று ஒரு சுவிட்ச்

12-6-89, திங்கள்

மறுபடியும் தலைவலி. கொரட்டூரில் ரயில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா தைலத்தோடு வந்துவிட்டாள். எல்லாம் ஆபீஸ் ட்யூப் லைட் செய்யும் வேலை. தலைக்கு நேர் மேலே லைட், கீழே வழவழ டிரேசிங் பேப்பர். நான் நகலெடுக்க வேண்டிய கோடு தெரிகிறதோ இல்லையோ, பேப்பரில் ட்யூப் லைட் ஜம்மென்று தெரிகிறது. அணைக்கலாமென்றால் ஹால் முழுவதற்கும் ஒரே சுவிட்ச், அதுவும் மேனேஜர் அறைக்குள்!

14-6-89, புதன்

மாட்டிக்கொண்டேன். வரைபடத்தில் 38 மில்லிமீட்டரை 88 என்று எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பட்டறையில் இரும்பை வெட்டியும் விட்டார்கள். மேனேஜர் சண்முகசுந்தரம் சார் கத்தவில்லை. "இன்னொரு தப்பு வந்தா, உன்னை நிரந்தரம் பண்றத பத்தி யோசிக்கணும்மா" என்றார். கத்தியே இருக்கலாம். வேலை போனா என்ன பண்ணுவேன்? ஐயோ, பயமா இருக்கு.

15-6-89, வியாழன்

மேனேஜரிடம் லைட்டைப் பற்றிச் சொன்னேன். "ஆளுக்கொரு சுவிட்ச் வைக்க இது ஆபீஸா, லாட்ஜாம்மா?" ஹாலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

19-6-89, திங்கள்

எங்கிருந்து வந்ததோ தைரியம், மேனேஜரிடமே போனேன். "சார், ஒரு நிமிஷம் என் நாற்காலியில உக்காந்து இந்த அளவைப் படிங்க" என்றேன். உட்கார்ந்தார். தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார், "அறுபத்தெட்டு" என்றார். அது அறுபத்து மூன்று! யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு" என்றார்.

20-6-89, செவ்வாய்

எலெக்ட்ரீஷியன் சம்பத் வந்தார். "இன்னாக்கா, இதுக்கா இத்தினி நாளா கண்ண கசக்கிகினு கீற? ஒரு கயிறு சுவிட்ச் போட்டா முடிஞ்சிது!" இழுத்தால் எரிகிறது, மறுபடி இழுத்தால் அணைகிறது. அணைத்துவிட்டால், பக்கத்து லைட்டின் வெளிச்சமே தாராளம். வேலையே இல்லாமல் எத்தனை தடவை இழுத்தேனோ!

23-6-89, வெள்ளி

வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹெட் கிளார்க் திருவேங்கடம் சார் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் எழுந்து நின்று லைட்டைக் கும்பிடுவார். மழை மூட்டமாக இருந்ததால் இன்று என் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கை கூப்பிய நேரம் பார்த்தா நான் கயிற்றை இழுக்க வேண்டும்? "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அணைக்கிறியேம்மா!" முகமே வாடிவிட்டது. பாவமாக இருந்தது. மேனேஜரிடம் சொல்லிக் கயிற்றைப் பிடுங்கச் செய்துவிடுவாரோ?

24-6-89, சனி

நானே போனேன். "சார், சாயங்காலம் எரிய விடறேன். நீங்க கும்பிட்டப்புறம் அணைச்சுக்கறேன்." யோசித்தார், சரி என்றார். மாலை கும்பிட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பி, "ம், இழு" என்றார்.

10-7-89, திங்கள்

நல்ல மழை, ஹால் இருட்டு. நானே லைட்டைப் போட்டுக்கொண்டேன். ஒரு தப்புகூட இல்லை.

31-7-89, திங்கள்

நிரந்தரம்! ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

மேனேஜர் நல்ல குஷியில் இருந்தார். "ஜெயசீலி, ஜன்னலோர மேஜை காலியாகுது. நல்ல வெளிச்சம். நீயே எடுத்துக்கம்மா." எல்லாரும் கண் வைத்திருக்கும் இடம்.

"வேணாம் சார்."

"ஏம்மா?"

"வெயில இழுத்து அணைக்க முடியாதே சார்."